மோட்டார் வண்டியின் மூளை யார் கையில்?

மோட்டார் வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்து செல்பவர், தம் முழங்காலுக்கு எதிரேயுள்ள சிறிய அறையைத் திறந்து, வண்டிக்குரிய பத்திரங்களையோ மூக்குக் கண்ணாடியையோ உள்ளே வைத்து மூடுவது வழக்கம். அவ்வறையின் பின்புறத்தில், ஒரு நடுத்தரப் புத்தகத்தின் பருமனுடைய உலோகப் பெட்டியொன்று பல வண்டிகளில் மறைந்து கிடக்கிறது. வேறு சில வண்டிகளில் அது கால் வைக்கும் தரையின் ஓரத்திலோ ஆசனத்தின் அடியிலோ இருக்கும். அதனுள்ளே சுழலும் சக்கரம் இல்லை, எண்ணெய் இல்லை, ஓசையும் இல்லை. எனினும், எந்த உருளைக்கு எந்தக் கணத்தில் எத்துணைப் பெற்றோல் செல்ல வேண்டும், எந்தக் கணத்தில் தீப்பொறி பிறக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு வினாடியும் பலமுறை தீர்மானித்து ஆணையிடுவது அதுவே. அது பழுதுபட்டால், ஏனைய உறுப்புக்கள் யாவும் குறைவற இருப்பினும், வண்டி ஓர் அடியேனும் நகராது.

இதனை இலத்திரன் கட்டுப்பாட்டுப் பெட்டி என்பர். பழுதான பெட்டியைக் கழற்றிப் புதியதொன்றை வைப்பது பார்வைக்கு மிக எளிய வேலையாகும். நான்கு திருகாணிகளைத் தளர்த்தி, கம்பிகள் வந்து சேரும் செருகியை இழுத்தெடுத்து, மற்றொன்றை அதே இடத்திற் பொருத்திவிட்டால் காரியம் முடிந்தது என்றே எவரும் எண்ணுவர். ஆனால், இந்த எளிய வேலையே பின்னாளில் நீதிமன்றங்களுக்கும், சட்டசபைகளுக்கும், பொதுமக்கள் வாக்கெடுப்புக்கும் சென்றது. கராஜ் ஒன்றின் மூலையில் நடைபெற வேண்டிய காரியம் எவ்வாறு ஓர் உரிமைப் பிரச்சினையாக மாறிற்று என்பதை அறிவதற்கு, அப்பெட்டி பிறந்த கதையிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மோட்டார் வண்டியின் உறுப்புக்கள் அனைத்தும் கண்ணாற் கண்டு கையாற் தொட்டு அறியக்கூடியனவாக இருந்தன. சாள்ஸ் கெற்றறிங் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், பற்றரியின் மின்னைக் கொண்டு தீப்பொறி உண்டாக்கும் முறையைச் சீர்செய்து அமைத்தார். கைப்பிடியைச் சுழற்றாமலே இயந்திரத்தை இயக்கி வைக்கும் அவருடைய மின்கருவி 1912ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது. அவர் வகுத்த தீப்பொறி முறை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உலகெங்கும் நிலைத்திருந்தது. அதில் இரு சிறு உலோக முனைகள் திறந்து மூடும். அவற்றின் இடைவெளியை மெல்லிய தகட்டினால் அளந்து, திருப்புளியினால் திருத்திவிடலாம். பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரும் அத்தகையதே. அதன் திருகாணியை அரைச்சுற்றுத் திருப்பி, இயந்திரத்தின் ஓசையைக் காதினாற் கேட்டு, கலவை சரியா பிழையா என்று தீர்மானித்தவர்களே அக்காலத்து மெக்கானிக்குகள்.

இத்தகைய வண்டிக்கு உரிமையாளனே வைத்தியன் என்று சொல்லத் தகும். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட தொகையில் உற்பத்தியான போர்ட் நிறுவனத்தின் ‘மொடல் ரீ’ வண்டியை, அமெரிக்கக் கமக்காரர் தம் தோட்டத்து மரநிழலிலேயே பிரித்துப் பூட்டினர். பழுது பார்க்கும் அறிவு எவருடைய பெட்டகத்திலும் பூட்டி வைக்கப்பட்டிருக்கவில்லை.

இந்நிலையை மாற்றியது வேறொரு துறையிலிருந்து வந்த துன்பமாகும். 1943ஆம் ஆண்டு கோடைகாலத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை அடர்ந்த புகைமூட்டம் ஒன்று சூழ்ந்தது. மக்களின் கண்கள் எரிந்தன, தொண்டை கரகரத்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலமாதலின், எதிரி நச்சுப்புகை வீசிவிட்டான் என்றே பலர் அஞ்சினர். அப்புகையின் மூலத்தைக் கண்டறிந்தவர் ஒல்லாந்து நாட்டிற் பிறந்து கலிபோர்னியாவில் ஆராய்ச்சி செய்த ஆரி ஹாகன் ஸ்மிற் என்ற இரசாயனவியலாளர். அன்னாசிப்பழத்தின் மணத்துக்குக் காரணமான பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த அவர், அதே நுணுக்கத்தோடு நகரத்துக் காற்றையும் ஆராய்ந்தார். மோட்டார் வண்டிகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் வெளிவிடும் ஐதரோக்காபன்கள், நைதரசன் ஒட்சைட்டுக்களோடு சூரிய ஒளியிற் கலந்து ஓசோன் முதலிய எரிச்சல் தரும் பொருள்களாக மாறுகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் அவர் நிலைநாட்டினார்.

பின்னர் சட்டம் வந்தது. 1966ஆம் ஆண்டில் கலிபோர்னியா அரசு வண்டியின் வாற்குழாய்ப் புகைக்கு எல்லை விதித்தது. 1970 டிசம்பர் 31ஆம் திகதி சனாதிபதி நிக்சன் கையொப்பமிட்ட தூய காற்றுச் சட்டம், 1975ஆம் ஆண்டளவில் புதிய வண்டிகள் வெளிவிடும் காபனோரொட்சைட்டையும் ஐதரோக்காபனையும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குறைத்தல் வேண்டும் என விதித்தது. மெக்கானிக்கின் காதும் திருப்புளியும் இத்துணை நுட்பமான அளவை எட்டுதல் அரிது. அந்தக் கடமையை ஏற்றுக்கொள்வதற்கு இலத்திரன் கலை முன்வந்தது.

வண்டிக்குள் முதன்முதலாகக் குடியேறிய இலத்திரன் கருவி வானொலிப் பெட்டியே எனலாம். 1930இலேயே அமெரிக்காவில் மோட்டார் வண்டி வானொலிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. ஆனால், வானொலி வெறும் விருந்தாளி. வண்டியின் ஓட்டத்தில் அதற்குப் பங்கு எதுவும் இல்லை. இயந்திரத்தின் ஆட்சியையே இலத்திரன் கருவியிடம் ஒப்படைக்கும் முதல் முயற்சியை பெண்டிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் மேற்கொண்டது. ‘எலெக்ட்ரோஜெக்டர்’ என்று பெயரிடப்பட்ட அக்கருவி 1957இல் அறிவிக்கப்பட்டது. காபரேட்டரை நீக்கிவிட்டு, மின்னாணையினால் திறந்து மூடும் சிறு தெளிகுழாய்கள் மூலம் பெற்றோலை உட்செலுத்துவதே அதன் நோக்கம். 1958ஆம் ஆண்டுக் கிறைஸ்லர் நிறுவனத்து வண்டிகள் சிலவற்றில் அது பொருத்தப்பட்டது. அவை நூற்றுக்கணக்கிலும் இல்லை, சில பத்துக்களே. இயந்திரத்தின் அருகேயுள்ள வெப்பத்தையும் அதிர்வையும் அக்காலத்து இலத்திரன் உறுப்புக்களால் தாங்க முடியவில்லை. அவற்றுட் பெரும்பாலானவை பின்னர் அழைக்கப்பட்டுப் பழைய காபரேட்டரே மீண்டும் பொருத்தப்பட்டது. வண்டியின் மின்மூளையை அகற்றிவிட்டு வேறொன்றை வைத்த முதல் நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. மூளைக்குப் பதிலாக வைக்கப்பட்டது மூளையில்லாத பழைய கருவி என்பதுதான் வேடிக்கை.

பெண்டிக்ஸ் நிறுவனத்தின் காப்புரிமைகளைப் பயன்படுத்த அனுமதி பெற்றுக்கொண்ட ஜேர்மனியின் பொஷ் நிறுவனம், பத்தாண்டுகளின் பின் அதே எண்ணத்தை நிறைவேற்றியது. இதற்கிடையில் திரான்சிஸ்டர் வளர்ச்சி பெற்றிருந்தது. வானொலிப் பெட்டியை மேசையிலிருந்து சட்டைப்பைக்குக் கொண்டுவந்த அதே திரான்சிஸ்டர், இயந்திரத்தை ஆளும் கருவியையும் ஒரு சிறிய பெட்டிக்குள் அடக்கியது. 1967இல் அறிமுகமாகி, அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட 1968ஆம் ஆண்டு வொல்க்ஸ்வாகன் 1600 வண்டிகளில் இம்முறை இடம்பெற்றது. இயந்திரம் காற்றை உறிஞ்சும் குழாயின் அமுக்கத்தை அளந்து, அதற்கேற்பத் தெளிகுழாய் ஒரு வினாடியின் ஆயிரத்தில் எத்தனை பங்கு நேரம் திறந்திருத்தல் வேண்டும் என்பதை அப்பெட்டி கணித்தது. கலிபோர்னியாவின் புகைச்சட்டமே இதனை அவசியமாக்கிற்று.

இக்காலத்துப் பெட்டிக்கு நினைவு என்று தனியே ஒன்றில்லை. உள்ளேயிருந்த தடைகள், கொள்ளளவிகள் ஆகியவற்றின் அளவுகளே அதன் அறிவு. ஆகவே பெட்டி பழுதானால், அதே இலக்கமுள்ள மற்றொரு பெட்டியைத் தேடிப் பொருத்துவதே போதுமானதாக இருந்தது. அறிவும் உடலும் ஒன்றாகவே வந்தன.

1970களில் இரு நிகழ்ச்சிகள் பெட்டியின் போக்கை மாற்றின. 1973ஆம் ஆண்டின் எண்ணெய்த் தடை, பெற்றோலைச் சிக்கனமாக எரிக்கும்படி உலகத்தை வற்புறுத்தியது. 1976இல் வொல்வோ நிறுவனம், கலிபோர்னியாவுக்கான 1977ஆம் ஆண்டு வண்டிகளில், மூன்று வகை நச்சுக்களையும் ஒருங்கே குறைக்கும் ஊக்கிக் கருவியையும், புகைக்குழாயில் ஒட்சிசனை அளக்கும் உணர்கருவியையும் சேர்த்து வெளியிட்டது. இவ்வூக்கி செம்மையாகத் தொழிற்படுவதற்கு ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற நிறை விகிதம் இடையறாது பேணப்படல் வேண்டும். உணர்கருவி சொல்வதைக் கேட்டு, கலவையைக் கணந்தோறும் கூட்டியும் குறைத்தும் திருத்தும் ஓர் அறிவு இதற்குத் தேவைப்பட்டது.

அந்த அறிவைத் தரக்கூடிய நுண்கணிப்பி அப்போதுதான் பிறந்திருந்தது. 1971இல் இன்டெல் நிறுவனம் ஒரே துண்டில் அடங்கிய கணிப்பியை விற்பனைக்கு விட்டது. யப்பானின் தொஷிபா நிறுவனம் போர்ட் வண்டிகளின் இயந்திரத்தைக் கருத்திற்கொண்டே ஒரு நுண்கணிப்பியை ஆக்கியது. 1977ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபில் டொறொனாடோ வண்டியில் தீப்பொறியின் நேரத்தை நுண்கணிப்பி நிர்ணயித்தது. அடுத்த ஆண்டில் போர்ட் நிறுவனத்தின் லிங்கன் வெர்சேல்ஸ் வண்டியும், 1979இல் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ வண்டியும் இவ்வழியைப் பின்பற்றின. 1981இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற தன் பெற்றோல்க் கார்கள் அனைத்திலும் கணிப்பிப் பெட்டியைப் பொருத்தியது. செல்வந்தரின் வண்டியில் தொடங்கிய மூளை, நான்கே ஆண்டுகளில் சாதாரண குடும்பத்தின் வண்டியிலும் குடியேறிவிட்டது.

இப்பெட்டி வண்டியின் உட்புறத்தில் இடம்பிடித்ததற்குக் காரணம் உண்டு. பொனெட்டின் கீழே கொதிக்கும் வெப்பம், தெறிக்கும் நீர், ஓயாத அதிர்வு, தீப்பொறிக் கம்பிகளின் மின் இரைச்சல் ஆகியன அதற்குப் பகைவர்கள். பயணி இருக்கும் இடம் பெட்டிக்கும் பாதுகாப்பான இடமாயிற்று. ஆயினும் அங்கும் அபாயம் இல்லாமற் போகவில்லை. முன்கண்ணாடியின் ஓரத்தால் வடியும் மழைநீர் தரைவிரிப்பின் அடியில் தேங்கி, பெட்டியின் செருகி முனைகளைப் பச்சைக் களிம்பு பூக்கச் செய்து, நாளடைவில் அதனைச் செயலிழக்கச் செய்வதுண்டு.

1980களில் அமெரிக்கக் கராஜ்களில் இப்பெட்டியை மாற்றிய முறை விரிவாக நோக்கத்தக்கது. ஜெனரல் மோட்டர்ஸ் வண்டியில் ஏதேனும் குறை நேர்ந்தால், ஓட்டுநரின் எதிரே ‘இயந்திரத்தைப் பார்க்க’ என்ற பொருள்தரும் சிறு விளக்கு எரியும். மெக்கானிக் டாஷ்போர்டின் கீழேயுள்ள ஒரு செருகியில் குறித்த இரு முனைகளை ஒரு சிறு கம்பித்துண்டினால் இணைப்பார். காகிதங்களைக் கோக்கும் சாதாரணக் கம்பியே அதற்குப் போதும். உடனே அவ்விளக்கு மினுங்கி மினுங்கித் தன் செய்தியைச் சொல்லும். ஒரு மினுக்கம், சிறு ஓய்வு, பின் இரு மினுக்கங்கள்: அது 12 என்ற இலக்கம். சோதனை முறை ஒழுங்காக வேலை செய்கிறது என்பது அதன் பொருள். அதன்பின் வரும் இலக்கங்கள் குறையின் இடத்தைக் காட்டும். தந்தி அலுவலகத்து ஒலிக்குறியைப் படிப்பவரைப்போல, மெக்கானிக் விளக்கின் மொழியைப் படித்தார். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

குற்றவாளி பெட்டியே என்று துணிவதற்கு முன், அனுபவசாலிகள் கம்பிகளையும் மண்ணிணைப்பையும் பற்றரியின் அழுத்தத்தையும் சோதித்தனர். பழுதென்று கருதித் திருப்பியனுப்பப்பட்ட பெட்டிகள் பலவற்றில் பழுது எதுவும் காணப்படவில்லை என்பது இத்தொழிலில் நன்கு அறியப்பட்ட உண்மை. தளர்ந்த ஒரு செருகிக்காக ஒரு முழுப் பெட்டியின் விலையை உரிமையாளர் கொடுக்க நேர்ந்ததும் உண்டு.

பெட்டியை மாற்றியே தீரவேண்டும் என்றால், முதலில் பற்றரியின் எதிர்முனை கழற்றப்படும். மெக்கானிக் வெறும் உலோகத்தைத் தொட்டுத் தம் உடலிலுள்ள நிலைமின்னை நீக்கிக்கொள்வார்; ஆடையில் உராய்ந்து பிறக்கும் ஒரு சிறு பொறியே நுண்ணிய உறுப்புக்களைக் கெடுக்க வல்லது. பின்னர் உட்புறத் தட்டியைக் கழற்றிப் பெட்டியை வெளியே எடுப்பார். இனி நடைபெறுவதே முக்கியமானது. புதிய பெட்டி நினைவின்றி வந்தது. பழைய பெட்டியின் மூடியைத் திறந்து, அதனுள் இருக்கும் விரல்நுனி அளவான நினைவுத் துண்டைப் பெயர்த்தெடுத்து, புதிய பெட்டியில் மெக்கானிக் தாமே பொருத்த வேண்டும்.

இவ்வாறு பிரித்து வைத்ததற்குக் காரணம் சிக்கனமே. ஒரே வகைப் பெட்டி பலவகை வண்டிகளுக்கும் பயன்பட்டது. ஆனால் வண்டியின் பாரம், இயந்திரத்தின் வகை, கியர் பெட்டியின் வகை ஆகியவற்றுக்கேற்ற அளவுகள் வண்டிக்கு வண்டி வேறுபட்டன. அந்த அளவுகள் யாவும் நினைவுத் துண்டிலே பதிந்திருந்தன. துண்டைத் தலைகீழாகப் பொருத்திவிட்டுச் சாவியைத் திருப்பினால், துண்டு அக்கணமே அழிந்துவிடும் என்று பழுது பார்க்கும் கைந்நூல்கள் எச்சரித்தன. சரியாகப் பொருந்தவில்லையெனில் விளக்கு 51 என்று மினுங்கும். ஆகவே, வண்டியின் நினைவு சில நிமிடங்கள் மெக்கானிக்கின் இரு விரல்களுக்கிடையே இருந்தது. அவருக்கு எவருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. வேண்டியது கவனம் மாத்திரமே.

1990களில் இவ்வழக்கம் மறைந்தது. அதற்கு மூன்று காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. முதலாவதாக, மின்னாணையினால் அழித்து எழுதக்கூடிய நினைவுகள் வந்தன. துண்டைப் பெயர்க்கத் தேவையில்லை. கணினியொன்றைச் செருகியில் இணைத்துப் புதிய பெட்டிக்கு வேண்டிய நினைவை எழுதிவிடலாம். ஆனால் எழுதப்பட வேண்டிய செய்தி உற்பத்தியாளரின் பண்டகசாலையிலேயே இருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது பற்றரியின் அழுத்தம் வீழ்ந்துவிட்டால், புதிய பெட்டியே பயனற்றுப் போகவும் கூடும்.

இரண்டாவது காரணம் திருடர்கள். 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வண்டித் திருட்டுப் பெருகியிருந்தது. அதனைத் தடுப்பதற்காகச் சாவியின் தலையிலே ஓர் இரகசிய இலக்கம் பொதிந்து வைக்கப்பட்டது. அவ்விலக்கத்தைப் பெட்டி அறிந்தாலன்றி இயந்திரம் இயங்காது. ஐரோப்பிய ஒன்றியம் 1998இலிருந்து புதிய கார்களில் இத்தகைய தடைக்கருவியைக் கட்டாயமாக்கிற்று. திருட்டு குறைந்தது. ஆயினும் பெட்டியை மாற்றும் நேர்மையான மெக்கானிக்கும் அப்பூட்டின் எதிரே அந்நியராகவே நின்றார். புதிய பெட்டி பழைய சாவியை அறியாது; சாவியும் பெட்டியும் ஒன்றையொன்று அறியும்படி செய்யும் வித்தை உற்பத்தியாளரிடமே இருந்தது.

மூன்றாவதாக, ஒரு பெட்டி பல பெட்டிகளாயிற்று. இயந்திரத்துக்கு ஒன்று, தடுப்புக்கு ஒன்று, காற்றுப் பைக்கு ஒன்று, விளக்கு, கதவுப்பூட்டு, மழைத் துடைப்பான் ஆகியவற்றுக்கு ஒன்று என அவை பெருகின. 1986இல் பொஷ் நிறுவனம் வெளியிட்ட ‘கான்’ என்னும் முறையினால், இப்பெட்டிகள் யாவும் இரண்டே கம்பிகளின் மூலம் தமக்குள் உரையாடத் தொடங்கின. 1990களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் வண்டியில் இடம்பெற்ற இம்முறை பின்னர் எங்கும் பரவிற்று. உரையாடும் கூட்டத்தில் புதிதாக வந்த ஒரு பெட்டி தன்னை அறிமுகம் செய்துகொள்ளாவிட்டால், ஏனைய பெட்டிகள் அதன் சொல்லை ஏற்பதில்லை.

சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்தது என்பதையும் சொல்லுதல் வேண்டும். 1988ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து, தன் புகைக் குறையைத் தானே கண்டறியும் முறையைக் கலிபோர்னியா கட்டாயமாக்கியது. 1996ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து அமெரிக்கா முழுவதிலும் விற்கப்படும் கார்கள் அனைத்துக்கும் ஒரே வடிவமான பதினாறு முனைச் செருகியும் ஒரே வகையான குறை இலக்கங்களும் விதிக்கப்பட்டன. எந்த மெக்கானிக்கும் எந்த வண்டியின் புகைக் குறையையும் படிக்கலாம் என்ற நிலை உண்டாயிற்று. ஆனால் குறையைப் படிப்பது வேறு. புதிய பெட்டிக்கு நினைவூட்டுவது வேறு. நோயின் பெயர் வெளிப்படையாயிற்று. மருந்துச் சாலையின் திறவுகோல் பழைய இடத்திலேயே இருந்தது.

உற்பத்தியாளரின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. பெட்டியின் நினைவை எவரும் மாற்றலாம் என்றால், புகைக் கட்டுப்பாட்டை நீக்கி வேகத்தைக் கூட்டுவோர் பெருகுவர். திருடருக்கும் வழி திறக்கும். தடுப்பு முதலிய பாதுகாப்புக் கருவிகள் தவறாகத் திருத்தப்பட்டால் உயிருக்கே ஆபத்து. இவை வெறும் சாக்குகள் அல்ல. எனினும், பூட்டின் காவலனே அந்த வீட்டு வேலைக்குக் கூலி பெறுபவனாகவும் இருப்பின், காவலும் வியாபாரமும் எங்கே பிரிகின்றன என்ற ஐயம் எழுதல் இயல்பே. சிறு கராஜ்கள் தம் வாடிக்கையாளரை உற்பத்தியாளரின் முகவரிடம் அனுப்ப வேண்டியதாயிற்று.

இந்த ஐயத்துக்கு மசச்சூசெற்ஸ் மாநில மக்கள் 2012 நவம்பரில் வாக்குச் சீட்டினால் விடையளித்தனர். உற்பத்தியாளர் தம் முகவர்களுக்குத் தரும் பழுது பார்க்கும் தகவல்களையும் கருவிகளையும் நியாயமான விலைக்குச் சுயாதீன கராஜ்களுக்கும் தருதல் வேண்டும் என்ற பிரேரணையை, அதன்மீது வாக்களித்தோரில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேற்பட்டோர் ஆதரித்தனர். 2014இல் உற்பத்தியாளர் சங்கங்கள் அதன் அடிப்படையில் நாடு முழுவதற்கும் பொருந்தும் உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. வண்டியிலிருந்து வானலை வழியே செல்லும் தகவல்களையும் உள்ளடக்கும்படி 2020இல் மீண்டும் வாக்கெடுப்பு நடைபெற்றது. ஏறத்தாழ முக்காற் பங்கினர் ஆதரித்தனர். அச்சட்டத்தை எதிர்த்து உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்குப் பல ஆண்டுகள் நீடித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தினாலும், அவுஸ்திரேலியா 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திட்டத்தினாலும் இத்தகைய உரிமையை வழங்கின. பெட்டிக்குள் இருக்கும் நினைவு பதிப்புரிமை பெற்ற நூலைப் போன்றது. அதனைத் திறத்தல் குற்றமாகுமோ என்ற அச்சமும் அமெரிக்காவில் இருந்தது. பழுது பார்ப்பதற்காகத் திறத்தல் குற்றமன்று என்ற விலக்கு 2015இல் அளிக்கப்பட்டது.

அதே 2015ஆம் ஆண்டில், மூடிய பெட்டிக்குள் எது மறைந்திருக்கக்கூடும் என்பதையும் உலகம் கண்டது. செப்டெம்பர் 18ஆம் திகதி அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம், வொல்க்ஸ்வாகன் டீசல் வண்டிகளின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் வஞ்சகமான நினைவு ஒன்று எழுதப்பட்டுள்ளது என அறிவித்தது. சோதனைச் சாலையில் வண்டி நிற்பதை உணர்ந்தால் அது புகையைக் கட்டுப்படுத்தும். வீதிக்கு வந்ததும் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடும். வீதியில் வெளியான நைதரசன் ஒட்சைட்டு அனுமதித்த அளவின் நாற்பது மடங்கு வரை இருந்தது. உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் வண்டிகளில் அந்நினைவு இருந்ததை நிறுவனம் ஒப்புக்கொண்டது. லொஸ் ஏஞ்சல்ஸ் மக்களின் கண்ணெரிவைத் தீர்ப்பதற்காகப் பிறந்த பெட்டியே அச்சட்டத்தை ஏய்ப்பதற்கும் கருவியாயிற்று. நினைவைத் திருத்துபவன் புகையைக் கூட்டிவிடுவான் என்று சிறு கராஜ்காரனைக் குறித்துச் சொல்லப்பட்ட அச்சத்தை, பெருநிறுவனமொன்றே மெய்ப்பித்துவிட்டது.

இலங்கைக்கும் இக்கதையில் ஒரு படிப்பினை உண்டு. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டிருந்தபோது, பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை இட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவர். காபரேட்டரும் கெற்றறிங்கின் தீப்பொறி முறையும் மனிதனின் கைக்கு இணங்கியமையாலேயே அது கைகூடிற்று. 2020ஆம் ஆண்டில் நாட்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் உள்ள வண்டியைக் காப்பாற்றுவதன்றி உரிமையாளருக்கு வேறு வழி இருக்கவில்லை. அத்தகைய நிலையில், ஒரு பெட்டியை மாற்றும் அறிவு உள்ளூரில் இருக்கிறதா, கடல்கடந்த நாட்டில் பூட்டப்பட்டிருக்கிறதா என்பது ஒரு குடும்பத்தின் பிழைப்பையே பாதிக்கும் வினாவாகும்.

காபரேட்டர் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. மின்மூளையினால் காற்றுத் தூய்மை பெற்றது, பெற்றோல் மிஞ்சியது, வண்டியும் நம்பத்தக்கதாயிற்று. சட்டங்களும் வாக்கெடுப்புக்களும் கேட்டது அதனிலும் சிறிய ஒன்றையே. அன்றைய மெக்கானிக் பழைய பெட்டியிலிருந்து நினைவுத் துண்டைத் தம் விரல்களால் எடுத்துப் புதிய பெட்டியில் வைத்தார். இன்று அதே நினைவு கம்பியின் வழியாகச் செல்கிறது. வண்டியை விலைகொடுத்து வாங்கியவரும், அவர் நம்பிக்கையோடு நாடும் கராஜ்காரரும், அதனைக் கொண்டுசெல்லும் உரிமையை இழக்காதிருத்தல் வேண்டும் என்பதே அக்கோரிக்கை.